மார்பிலிருந்து ஒரு நாக்கு

செவ்வாய் கிரகம், தென் குகை நிலையம். நாள் 212, காலை 08.10
எழுதுவது: மருத்துவர் பிலோமினா ராயன்

நேற்றைய அறுவை நல்லபடி முடிந்தது. நோயாளி மீரான், எங்கள் காற்று எந்திரப் பொறியாளர். நாக்கில் பாதியையும் அதன் அடித்தளத்தையும் புற்றுக்கட்டியோடு எடுத்துவிட்டேன். பூமிக்குத் திரும்பும் கப்பல் அடுத்த ஆண்டுதான். கட்டி அதுவரை பொறுக்காது.

கையிலிருந்து தோலெடுத்து, நுண்ணோக்கியின் கீழ் ரத்தக் குழாய்களைத் தைப்பதாகத்தான் திட்டம். நுண்தையல் கருவி பழுது. அதனால் பழைய வழி. மார்புத் தசையைத் தோலோடு ஒரு மடலாக எடுத்து, ரத்தம் கொண்டுவரும் காம்பை அறுக்காமல், கழுத்துத் தோலுக்கு அடியில் இழுத்து வாய்க்குள் தைத்தேன். காம்பு நசுங்கினால் மடல் செத்துவிடும். அவர் குனியவோ கழுத்தைத் திருப்பவோ கூடாது.

மூச்சுக்குத் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறேன். பேச முடியாது. பலகையில் எழுதுகிறார். முதல் கேள்வி: "மார்பு முடி வாய்க்குள்ளயும் முளைக்குமா டாக்டர்?"

முளைக்கும் என்றேன். சிரிக்கப் பார்த்தார். அதட்டினேன்.

பொற்கொடியும் மற்ற இருவரும் வடக்கு நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள். நாங்கள் இருவர் மட்டும்.

நாள் 212, மதியம் 13.40

நிலம் குலுங்கியது. குகைக் கூரை சரிந்து தாழ்வாரத்தை மூடிவிட்டது. மருத்துவ அறையின் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் காற்று இல்லை, திறக்கவும் முடியாது. பெரிய ஆன்டெனா போயிற்று. சுவரில் உள்ள சின்ன வானொலி மட்டும் மிச்சம். யாராவது மிக அருகே வந்தால்தான் கேட்கும். எழுத்து அனுப்ப வழியில்லை, குரல் மட்டும்.

குலுங்கியபோது மீரான் தலையை அசைக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூரையையே பார்த்தபடி கிடந்தார்.

நாள் 213, காலை 07.00

மடல் நீலம் பாரித்திருக்கிறது. ஊசியால் குத்தினேன். கறுத்த ரத்தம். போன ரத்தம் திரும்ப வழியில்லாமல் தேங்குகிறது. கழுத்து வீங்கியிருந்தது. மயக்க மருந்து கொடுக்கத் துணியவில்லை. மரத்துப்போக ஊசி மட்டும் போட்டுத் தையலைப் பிரித்தேன். காம்பின் மேல் உறைந்த ரத்தக் கட்டி. விரலால் வழித்தெடுத்தேன். அவர் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. தலை அசையவில்லை.

நீலம் வெளுத்தது. குத்தினால் நல்ல சிவப்பு. எப்படிப் பார்ப்பது என்று கண்ணாடியில் அவருக்கும் கற்றுக் கொடுத்தேன்.

நாள் 213, மாலை 16.20

காற்று எந்திரம் நின்றுவிட்டது. கரியமில வாயு ஏறுகிறது. தலைவலி. அதன் வால்வு இந்த அறைத் தரைக்கு அடியில் இருக்கிறது, தவழ்ந்து போகவேண்டும். தானே போவதாக மீரான் எழுதினார். குனிந்தால் காம்பு மடங்கும், முடியாது என்றேன். "மடல் போனா போகுது" என்று எழுதினார். பலகையைப் பிடுங்கிக்கொண்டேன். எனக்குக் கத்தத் தெரியும் என்பதே இன்றுதான் தெரிந்தது.

பிறகு அவரே வால்வுக்குப் போகும் வழியை வரைந்து கொடுத்தார். நான் போகிறேன். கண் மங்குகிறது எழுத்து சரியாக

நாள் 213. மணி பார்க்கவில்லை
எழுதுவது மீரான்

டாக்டர் வால்வைத் திறந்துவிட்டார். விசிறி சுற்றுகிறது, ஆனால் மெதுவாக. அவர் வெளியே வரவில்லை. காலைப் பிடித்து இழுத்தேன். குனிந்தேன். வேறு வழியில்லை. மூச்சு இருக்கிறது. கண் திறக்கவில்லை.

வானொலி:

"டாக்டர், பொற்கொடி பேசுறேன். வண்டி உங்க தலைக்கு மேலதான் நிக்குது. யாராவது இருந்தா பேசுங்க. புழுதிப் புயல் வருது, ரொம்ப நேரம் நிக்க முடியாது."

மைக்கைத் தட்டினேன்.

"என்னமோ டொக் டொக்னு கேக்குது. கல்லு சரியுது போல. உள்ள ஆள் இருக்கா?"

தொண்டைக் குழாயை விரலால் அடைத்தேன். மூச்சு மேலே போய்ப் புதுச் சதையில் மோதியது. தையல் பிய்கிற வலி. "ஆமா" என்றேன். அதற்கு நாக்கு வேண்டாம், உதடு போதும்.

"ஐயோ, மீரான் அண்ணனா? ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?"

'இல்லை' என்று சொல்ல நாக்கு மேலே தொடவேண்டும். தொடவில்லை. "இ... ஆ..." என்று ஏதோ வந்தது.

"சரி, நல்லா இருக்கீங்கன்னு புரிஞ்சுது. அப்ப புயல் அடங்கினதும் வந்து தோண்டுறோம். பத்திரமா இருங்க."

டாக்டரின் உதடு நீலமாகிறது. உதட்டால் சொல்லக்கூடிய வார்த்தை எது, எது என்று தேடினேன். என் பெயர்கூட இல்லை. இன்ஜின் கிளம்பும் சத்தம். குழாயை அடைத்தேன்.

"இப்பவே வா."

மரியாதைக்கு 'வாங்க' என்றிருக்கவேண்டும். அந்த 'ங்க' வரவில்லை.

"இப்பவே வா. இப்பவே வா. வா. வா."

இன்ஜின் நின்றது. பிறகு மேலே துளையிடும் சத்தம்.

வாய் நிறைய ரத்தம். டாக்டர் கை இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. காதருகே குனிந்து 'வா, வா' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.