கட்டிங் மாஸ்டர் அண்ணனின் ரிப்போர்ட்

என் அருமை அண்ணே,

நீ போன பிறகுதான் உன் ரிப்போர்ட் வந்தது. மதுரை டாக்டர் உன் ரத்தத்தை எடுத்து அனுப்பினாரே, அது.

நாட்ச் 3 என்று ஒரு மரபணுவாம். அதில் பிறவியிலேயே ஒரு பிழை. அதனால் மூளைக்குள் இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் கெட்டு, ஒவ்வொன்றாய் அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. நோய்க்குப் பெயர் காடாசில். உனக்கு நாக்கு குழறியதும் கால் தள்ளாடியதும் அதனால்தான். நம் அப்பா ஐம்பது வயதில் படுத்த படுக்கையானதும் இதனால்தான் இருக்கும் என்கிறார் டாக்டர்.

புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனியில் இருபது வருடம் துணி வெட்டிக்கொடுக்கும் கட்டிங் மாஸ்டராக இருந்தவன் நீ. உன் கையில் கத்தரி கோணல்மாணலாக ஓடத் தொடங்கியதும் முதலாளி என்ன சொன்னார்? "குடிச்சிட்டு வாரவனுக்கு இங்கன வேலை இல்ல." ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. ஒருத்தராவது உன்னைக் கிளாஸும் கையுமாகப் பார்த்தார்களா?

ஊரை ஏன் சொல்ல வேண்டும்? நானே உன்னை வாயை ஊதச் சொன்னேனே. "ஏட்டி, சத்தியமா நான் குடிக்கலட்டி" என்று சொல்லிக்கொண்டே ஊதினாய். வாடை இல்லை. அப்போதும் நான் நம்பவில்லை. பாவி நான்.

இப்போது நடக்கிற கூத்தைக் கேள். உன் மகள் செல்விக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். ரிப்போர்ட்டைச் சித்தப்பாவிடம் காட்டினேன். "ஏட்டி, வாயத் தொறக்காத. அவன் குடிச்சுச் செத்ததாவே இருக்கட்டும். குடிகாரன் மவளுக்கு மாப்பிள்ளை கெடைக்கும். பரம்பரை நோய்னா எவன் படியேறுவான்?" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தபோது உன் பெயரைக் கெடுத்தது போதாதா? செத்த பிறகும் நீ குடிகாரனாகவே இருக்க வேண்டுமா?

செல்விக்கும் இந்த நோய் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாதிக்குப் பாதி. எனக்கும் அப்படியே. அவளிடமே கேட்டேன். "டெஸ்ட் எடுக்கதா வேண்டாமான்னு நான் பாத்துக்கிடுதேன் அத்தை. எங்கப்பாவக் குடிகாரர்னு சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் நடக்கணும்னா, அந்தக் கல்யாணமே வேண்டாம்" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். இன்னும் பதில் இல்லை.

அடுத்த மாதம் உன் முதலாம் ஆண்டு நினைவு நாள். போஸ்டர் அடிக்கிறேன். செல்வியும் சரி என்றுவிட்டாள். உன் படத்துக்குக் கீழே நோயின் பெயரையும், நீ ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை என்பதையும் பெரிய எழுத்தில் போடுவேன். சித்தப்பா கிழித்தால் மறுபடி ஒட்டுவேன். முதல் போஸ்டர் உன் முதலாளியின் கம்பெனிச் சுவரில். என் கையாலேயே ஒட்டுவேன், அண்ணே.

உன் கூடப்பிறந்தவள்,
ராஜேஸ்வரி,
பசுவந்தனை