உப்புத் தண்ணீர் எலிகள்

16-2-2009, திங்கள்

பாசஞ்சர் ரேணிகுண்டாவில் முக்கால் மணி நேரம் படுத்துவிட்டது. திருப்பதி போய்ச் சேர்வதற்குள் எலிகளெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தன. யூனிவர்சிட்டி எலிக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாகத் தீனி போடுகிறேன். எலி திட்டுவது எனக்குத் தெரியாதா?

பிஎச்.டி. படிக்கும் ஸ்வர்ணலதா பாப்பாவின் ஆராய்ச்சி எலிகளில் பன்னிரண்டுக்குக் கால் வீங்கிவிட்டது. வீங்கவேண்டும் என்றுதான் ஊசி போட்டாள். முடக்குவாதத்தை வரவழைத்து, அப்புறம் தீர்ப்பது. ஆறு எலிக்கு சீரியம் என்ற உலோகத் தூள், கண்ணுக்கே தெரியாத பொடிசு. நானோ என்று பெயர். “கார் இல்லண்ணா” என்று அவளே முந்திக்கொண்டாள். மற்ற ஆறுக்கு வெறும் உப்புத் தண்ணீர்.

“வீங்கின எடத்துல உள்ளுக்குள்ள நெருப்பு மாதிரி எரிஞ்சிகினே இருக்கும்ணா. இந்தத் தூள் அத அணைக்கும். அணைச்சிட்டுத் தீந்து போவாது, திரும்பவும் அணைக்கும்.”

எனக்கு என் மனைவி தாட்சாயணியின் வீங்கின விரல்கள்தான் கண்ணில் நின்றன.

17-2

எட்டு வருடமாகக் காலையில் அவள் டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும்தான் தூக்குகிறாள். போகிற வருகிறவர்களெல்லாம் கட்டுப் போட்டுக்கொள்ளேன் என்கிறார்கள். கை கால் முறிந்தால் நாலு மாநிலத்துக்காரர்கள் எங்கள் புத்தூருக்குத்தான் ஓடி வருகிறார்கள். இவளுக்கு முறிந்தால்தானே கட்டுவதற்கு!

தூளைப் பற்றிச் சொன்னேன். முகம் மலர்ந்தது. அப்புறம் கேட்டாள்: “உப்புத் தண்ணி போட்டா வலி போவுமா?”

போகாது, போகக் கூடாது, அப்போதுதான் தூளின் குணம் தெரியும் என்றேன்.

“இன்னாய்யா நாயம் இது?”

18-2

கிளம்பும்போது ஒரு டப்பாவை நீட்டினாள். நெல்லிக்காயும் மஞ்சளும் வெல்லமும் சேர்த்து இடித்த உருண்டை. அவள் தினமும் தின்பது.

“அந்த ஆறுக்கும் கிள்ளிப் போடு. வலின்னா இன்னான்னு எனக்குத் தெரியும்.”

கூடாதுதான். போட்டேன். மூக்கை ஆட்டி ஆட்டித் தின்றன, செல்லங்கள்.

25-2

தினமும் போடுகிறேன். தீனிதானே, மருந்தா? பாப்பாவின் கைடு சாருக்குத் தமிழ் படிக்க வராது. இங்கே எழுதி வைக்கலாம்.

1-3, ஞாயிறு

பாப்பா சாப்பிட வந்தாள். நான் கறி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் இரண்டு பேரும் சொந்தம் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். தாட்சாயணியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாளாம். சாப்பிடும்போது சார் நடப்பதைப்போல் பாப்பா நடந்து காட்டினாள், இவளுக்குப் புரையேறிவிட்டது. மகன் ஹரிபாபு குவைத்துக்குப் போனபிறகு இந்த வீட்டில் இவ்வளவு சிரிப்பு கேட்டதில்லை. பெண் குழந்தை இல்லாத குறை இன்றைக்குத்தான் உறைத்தது.

17-3

அளந்தார்கள். தூள் போட்ட எலிகளுக்குக் கால் வீக்கம் இறங்கியிருக்கிறது. உப்புத் தண்ணீர் எலிகளுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியிருக்கிறது.

சார், “வதிலெய்யம்மா” என்றார் தெலுங்கில். விட்டுவிடு, வேறு தலைப்பு பார். இது சரியாக வந்தால்தான் பாப்பாவுக்குக் கொரியாவில் மேல் ஆராய்ச்சிக்கு இடம். தீனி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு என்னையே கேட்டாள்: “நான் எங்கண்ணா தப்பு பண்ணேன்?”

தீனி வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் என்னையே திட்டிக்கொண்டேன். டேய் எத்திராஜ், நீயெல்லாம் மனுசனாடா? கான்ட்ராக்ட் வேலை — வாயத் தெறந்தா நாளைக்கு வேற ஆளு. தெறக்கலன்னா? தூளு குப்பைக்குப் போவும். என் பொண்டாட்டி கைக்கு வரவேண்டிய மருந்து. நானே, என் கையாலயே —

18-3

விடிந்ததும் தாட்சாயணியிடம் சொல்லிவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்தாள்.

“உருண்டை குடுத்தது நானு. என் பேரச் சொல்லு.”

“உன் பேரச் சொல்லுவனா?”

“அப்ப உன் பேரச் சொல்லு. இன்னிக்கே சொல்லு. வேலை போனா போவட்டும்யா. நல்ல மருந்த ஆவாதுன்னு எழுதிடக் கூடாது.”

பாவம், எவ்வளவு ஆசை வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே ரயிலேறினேன்.

சொன்னேன். பாப்பா கத்தவில்லை. “ஒரு வருஷ வேலைண்ணா” என்றாள், அவ்வளவுதான். நேராக சார் அறைக்குப் போய்விட்டாள். கழுவிய கூண்டுகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். அரை மணி கழித்து வந்தாள்.

“மறுபடி செய்ய சார் ஒத்துக்கினாரு. உங்கள வச்சிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆனா எந்தக் கூண்டுக்கு எதுன்னு உங்களுக்குத் தெரியாது. நம்பர் மட்டும்தான்.”

“சரிம்மா.”

“உருண்டை?”

“ஏழுமலையான் சத்தியமா இல்லம்மா.”

21-3

மூன்று நாள் கழித்து இன்று பேசினாள். “அண்ணா, காபி.” போதும்.

27-4, திங்கள்

புது எலிகள் வந்து மூன்று வாரம். வீங்கிய பன்னிரண்டும் நாலு கூண்டில். எதற்கு என்ன போகிறதென்று எனக்குத் தெரியாது. ஆனால் விடிகாலையில் தீனியைக் கண்டு யார் எழுந்து நிற்கிறது, யார் படுத்தே கிடக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியுமா? எட்டு வருடம் தாட்சாயணி பாயைவிட்டு எழுவதைப் பார்த்த கண் இது. இரண்டும் மூன்றும் எழுகின்றன. ஒன்றிலும் நாலிலும் இருப்பவை என்னை மன்னிக்கட்டும். டப்பாவைத் தொடவில்லை.

18-5

அறுத்துப் பார்ப்பதற்காக எலிகளை முடித்துவிட்டார்கள். அதுதான் முறை. அன்றைக்கு எப்போதும் நான் லீவு. இன்றும்.

26-5, செவ்வாய்

எந்தக் கூண்டுக்கு எது என்று எழுதி ஒட்டி வைத்திருந்த சீட்டை நேற்று பிரித்தார்களாம். இரண்டும் மூன்றும்தான் தூள். வித்தியாசம் பளிச்சென்று இருக்கிறது. பாப்பா எலிக்கூடம் வரைக்கும் ஓடி வந்தாள். கொரியாவுக்கு இனி தடையில்லை. “ஒங்க உருண்டைக்கும் ஒரு ஆராய்ச்சி வைக்கணும்ணா” என்று சீண்டவும் செய்தாள். கோபம் சுத்தமாகப் போய்விட்டது.

நான் மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். மனுஷர்களுக்கு எப்போது?

“பதினஞ்சு வருஷமாவது ஆவும்ணா. வராமலே போனாலும் போவும். எலி வேற, மனுஷன் வேற” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

புத்தூர் வரும்வரை இதை எப்படி உடைப்பது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். சோற்றுக்கு உட்கார்ந்ததும் முதலில் தூள் ஜெயித்ததைச் சொன்னேன். சந்தோஷத்தில் முழங்கையால் என் தோளில் ஒரு இடி இடித்தாள். அப்புறம் மற்றதையும் சொன்னேன்.

“தெரியும்” என்றாள். “சோறு துன்ன வந்துச்சே, அன்னிக்கே அந்தப் பொண்ணாண்ட கேட்டேன். உங்களுக்கு வந்து சேராதுக்கான்னு சொல்லிட்டு அழுதுச்சி. நீ ஒடிஞ்சி பூடுவன்னு நான்தான் வாயத் தெறக்கல.”

“அப்பறம் இன்னாத்துக்குடி வேலை போனா போவட்டும்னு என்ன அனுப்புன?”

“ஆரோ ஒருத்திக்கு இன்னிக்குத்தான் மொத மொதல்ல வெரல் வீங்கியிருக்கும். பதினஞ்சு வருஷம் அவ தாங்குவாய்யா.”

இருபத்தாறு வருடக் குடித்தனம். ஏதோ இன்றைக்குத்தான் அறிமுகமானவளைப்போல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா முறைக்கிற? துன்னு” என்றாள்.