மாத்திரை சாப்பிடாத செடி

மார்ச் 3

பால் டம்ளரின் அடியில் இன்றும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. "காலமெல்லாம் சாக்பீஸ் பிடிச்ச என் கை, பால்லயும் உதிருது போல" என்றேன். காய்ச்சிக் கொடுத்த என் வீட்டுக்காரர் ஏனோ சிரிக்கவில்லை.

மார்ச் 9

அடுத்த திங்கட்கிழமை எனக்கும் அவருக்கும் குடலுக்குள் கேமரா. மூன்று வருடம் முன்பு எங்கள் இருவர் குடலிலுமே சின்னச் சின்ன முளைகள், பாலிப் என்றார்கள். புற்றுநோய் இல்லை, விட்டுவைத்தால் ஆகலாம் என்று வெட்டி எடுத்தார்கள். கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் மறுபடி முளைக்காது என்று யாரோ சொல்ல, எனக்குள் இருந்த அறிவியல் டீச்சர் விழித்துக்கொண்டாள். ஒரு செடிக்கு உரம், இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர் — ஆறாம் வகுப்புப் பாடம்தானே! அவர் மாத்திரை சாப்பிடும் செடி. நான் சாப்பிடாத செடி.

"தோத்தா என்ன குடுப்பே டீச்சரம்மா?" என்றார் இன்று. தோற்றால் என்ன என்று இருவருக்கும் தெரியும். அதனால்தான் அவ்வளவு சிரித்தோம்.

மார்ச் 15

வயிற்றைக் கழுவும் மருந்து. ஒரே கழிப்பறை, இரண்டு செடி.

"என்னங்க, கதவத் திறங்க!"

"இப்பத்தான் உக்காந்தேன், அட்டெண்டன்ஸ் எடுக்காதே!"

மார்ச் 16

எனக்கு ஒன்றுமில்லை! சுத்தம்! அவருக்குத்தான் ஒன்று, கடுகளவு. அங்கேயே எடுத்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா, மாத்திரை ஃபெயில்" என்று டாக்டருக்கே வகுப்பெடுக்கத் தொடங்கினேன். இவர் தரையைப் பார்த்தார்.

"நான் எங்க சாப்பிட்டேன்? எல்லாம் உன் பால்லதான்."

மூன்று வருடமாக! தன் மாத்திரையைத் தன்னுடைய தையல்கடை இஸ்திரிப் பெட்டியால் நசுக்கிப் பொடி செய்து கொண்டுவந்திருக்கிறார்!

"உன்ன வெறுந்தண்ணிச் செடியா விட மனசு வரல."

அட மனுஷா! பரிசோதனையையே பாழாக்கிட்டியே — எனக்கு அழுகை வருதா சிரிப்பு வருதா?

"அப்போ மாத்திரை பாஸா டாக்டர்?"

டாக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ரெண்டு செடிய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. ஆயிரக்கணக்கானவங்கள வச்சுப் பாத்தே முடிவு ஒத்துப்போகல. மாத்திரைய நம்பி இங்க வராம இருந்துடாதீங்க. ஐயா, நான் சொல்லாம எதையும் கலக்காதீங்க."

மார்ச் 24

அவரிடமிருந்து எடுத்த கடுகின் சோதனை முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. அடுத்த கேமராவுக்கு இருவர் பெயரையும் சேர்த்தே கொடுத்துவிட்டோம். வரும் வழியெல்லாம் என் கையை விடவில்லை, அந்தக் கள்ளன்.

மார்ச் 25

பால் டம்ளரின் அடி பளிச்சென்று இருந்தது. அதுதான் சரி. ஆனாலும் கொஞ்ச நேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.