ஸ்வெட்டர் பையில் நான்கு இஞ்சி மிட்டாய்

உங்கள் சாம்பல் நிற ஸ்வெட்டர் என் மடியில் இருக்கிறது. கிள்ளான் டயாலிசிஸ் சென்டரில் கடைசியாக நீங்கள் மறந்து வைத்தது. உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளும் அந்தக் காப்பார் ஊர்க்காரி, உங்கள் பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். பையில் கைவிட்டேன். நான்கு இஞ்சி மிட்டாய்கள். இனிப்பே தொடாத மனுஷராயிற்றே என்று அவளைப் பார்த்தேன்.

"நாந்தான் அண்ணி குடுப்பேன். மெஷின்ல படுத்தா அண்ணனுக்குக் கொமட்டும் லா."

அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாள், நான்கு நாள் உங்களுக்கு வெளிக்கே போகாதாம். சாப்பாட்டு வாசனையே ஆகாதாம். படுத்தால் உடம்பெல்லாம் அரிப்பாம், விடியும்வரை கண் மூடமாட்டீர்களாம். இருபத்தெட்டு வருடம் உங்களோடு குடித்தனம் நடத்தியவள் நான். புருஷன் இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தால் பெண்கள் பொறாமைப்படுவார்கள். நான் உங்கள் மலச்சிக்கலுக்குப் பொறாமைப்பட்டேன். சிரிக்காதீர்கள். அது என்னிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

நான் கேட்டால் மட்டும் "ஓகே லா" என்பீர்கள். தட்டில் மீதம் வைத்தால் என் சமையல் கசந்துவிட்டதாக்கும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். மறுநாள் வழித்துச் சாப்பிடுவீர்கள். தலை சாய்த்ததும் தூங்கிவிடுகிறவள் நான். நீங்களும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன். "ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

தயங்கினாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. டாக்டர் கேட்டாலே நீங்க முந்திக்குவீங்கன்னு சொல்லிச் சிரிப்பாரு."

உண்மைதான். கிளினிக்கில் டாக்டரம்மா உங்களைப் பார்த்துத்தான் கேட்பார். சாப்பாடு எப்படி, வயிறு எப்படி, தூக்கம் எப்படி? நீங்கள் தொண்டையைச் செருமுவதற்குள் நான், "நல்லா சாப்பிடுவாரு டாக்டர். படுத்த ஒடனே தூங்கிருவாரு" என்பேன். பெருமையாகச் சொல்வேன். புருஷனை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று அந்த அம்மா நினைக்க வேண்டுமே. நீங்கள் தலையாட்டுவீர்கள், அவர் எழுதிக்கொள்வார்.

போன வாரம் காப்பார்க்காரிக்குக் கிளினிக். கூட வர ஆளில்லை என்றாள், காரில் கூட்டிப்போனேன். அதே அறை, அதே டாக்டரம்மா. "தூக்கம் எப்படி?" என்று அவளைக் கேட்டதும், பழக்க தோஷம், என் வாய் தானாகத் திறந்தது. உங்கள் மிட்டாயில் ஒன்றை அவசரமாகப் போட்டு மூடிக்கொண்டேன்.

அவள் சொன்னாள். வயிற்று உப்புசம், அரிப்பு, கால் குடைச்சல், எதையும் விடவில்லை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மருந்தை மாற்றி எழுதினார்.

இன்று காலை போன் வந்தது. "அண்ணி, ஆறு மணி நேரம் தூங்கிட்டேன்!" சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். பொய் சொல்வானேன், வயிறு எரிகிறது. அந்த ஆறு மணி நேரம் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது.

மிட்டாய் இன்னும் மூன்று இருக்கிறது. அவளுடைய அடுத்த கிளினிக்குக்கும் நான்தான் கூடப் போகிறேன்.