உப்புப் போடாத மீன்

மதினி,

பக்கத்து வீட்டில் உப்பும் மஞ்சளும் போடாமல் மீன் அவிக்கிறார்கள். அந்த வாடை அடுப்படி ஜன்னல் வழியாக வந்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வீட்டுப் பெண் போன வாரம் ஒரு பூனைக்குட்டி கொண்டுவந்தாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, சரியாகத்தான் செய்கிறாள்.

நம் வீட்டுப் பூனையை நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள். தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனி வேன் உங்களை இறக்கிவிடும் இடத்தில், முள்ளுச்செடிக்குள் கத்திக்கொண்டு கிடந்தது என்று முந்தானையில் சுற்றி எடுத்து வந்தீர்கள். அண்ணன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். நான் பாலை ஊற்றி வைத்தேன். மறுநாள் கட்டிலுக்கடியெல்லாம் கழிந்து வைத்திருந்தது.

"பூனைன்னா பாலுதான் குடிக்கணும்னு யாரு சொன்னா? அதுக்கு ஆகல, பாரு" என்றீர்கள். லீவு போட்டு அதைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனீர்கள். தெருவே சிரித்தது.

அதன்பிறகு, ஆனைக்குட்டம் அணையில் பிடித்த ஜிலேபிக் கெண்டை சைக்கிளில் வந்தால், குழம்பு கூட்டும் முன்னே பூனையின் பங்கு தனியாக அவியும். ஆறவிட்டு, விரலால் நசுக்கி நசுக்கி முள் பார்ப்பீர்கள். வெங்காயம் பட்ட கரண்டிகூட அதில் படக்கூடாது. மீன் இல்லாத நாளில் கொஞ்சம் கோழி ஈரல், இல்லையென்றால் அவித்த முட்டை. தண்ணீர்ச் சட்டி வேறொரு மூலையில் இருக்கும். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் அது குடிக்காது.

நாம் பெரிதாகப் பேசிக்கொண்டவர்கள் இல்லை. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த நாத்தனாரோடு என்ன பேசுவது? நீங்கள் என்னை ஒரு சொல் சொன்னதில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வந்ததும் "தின்னுச்சா?" என்பீர்கள். "தின்னுச்சு மதினி" என்பேன். நம் பேச்சில் பாதி அதுதான்.

தீபாவளிச் சீசனில் வெடிச் சத்தத்துக்கு அது கட்டிலுக்கடியில் போய் ஒண்டிக்கொள்ளும். "பயந்த வயித்துக்குப் பசி தெரியாது. பக்கத்துல ஆளு இருந்தாத் திங்கும்" என்று தட்டை உள்ளே தள்ளிவிட்டுத் தரையிலேயே படுத்துக்கொள்வீர்கள்.

அன்று நான் வேலை பார்த்த காலண்டர் கம்பெனியில், காலண்டர்களின் தலையில் தகடு அடித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. செல்போன் புதிதாக வந்திருந்த காலம்; அங்கே மேஸ்திரியிடம் மட்டும்தான் இருந்தது. அது அடித்தது. பேசிவிட்டு என் பக்கம் பார்த்தார். நான் கையிலிருந்த காலண்டரை முடித்து அடுக்கிவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் முடித்தேன் என்று தெரியவில்லை.

உங்கள் கம்பெனியில் வெடிமருந்து அறை தீப்பிடித்ததாம். உள்ளே இருந்த யாரும் பிழைக்கவில்லை என்றார்கள். உங்கள் முகத்தைப் பார்க்க விடவில்லை. வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்களுக்குத் தண்ணீர் மோந்து கொடுத்தேன்.

காரியம் முடிந்து, கூட்டம் கலைந்து, வீட்டைக் கூட்டும்போதுதான் கட்டிலுக்கடியில் பூனையைப் பார்த்தேன். யாரோ வைத்த பால்சோறு காய்ந்து ஈ மொய்த்துக் கிடந்தது. பூனையின் முதுகெலும்பு வெளியே தெரிந்தது. வேன் வரும் நேரத்துக்கு வாசல்வரை நடந்துபோய் நின்றுவிட்டு, திரும்பி வந்து படுத்துக்கொண்டது. மீன் அவித்து வைத்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பசிச்சாத் தானாத் திங்கும், விடு" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடி. அவரும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

ஒயர்க்கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"இது அந்த அம்மா பூனையாச்சே. அவங்க வரலையா?"

"கம்பெனிக்குப் போயிருக்காக" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது.

ஊசி போட்டார். "பூனை இப்படிப் பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுப்போகும்மா. மீன் அவிச்ச தண்ணிய இளஞ்சூட்டுல விரல்ல தொட்டு வாயில வைங்க. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா மீன் குடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். கட்டிலை ஒட்டித் தரையில் படுத்து, கையை உள்ளே நீட்டி, விரலை அதன் உதட்டில் வைத்தேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கை மரத்துப்போனது. பிறகு சொரசொரவென்று நாக்கு பட்டது. மறுபடியும் பட்டது.

அண்ணன் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "திங்குதா?"

"திங்குதுண்ணே."

என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எனக்கும் ரெண்டு வாய் சோறு போடு தாயி" என்றார்.

போட்டேன். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. இப்போது இதை எழுதும்போதும் வரவில்லை. அது எங்கே போனதென்று நான் தேடுவதை விட்டுவிட்டேன்.

பூனை அதன்பிறகு பல வருடம் இருந்தது. வயதாகித்தான் போனது. அண்ணன் இப்போது லாரிக்குப் போவதில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருக்கிறார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த ஊசிக்கு அடுத்த வாரம் பூனையை மறுபடியும் கொண்டுபோயிருந்தேன். டாக்டர் அதைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாத் தேறிருச்சு. அந்த அம்மாகிட்டச் சொல்லுங்க, சந்தோசப்படுவாங்க" என்றார்.

"சொல்லுதேன் சார்" என்று கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இத்தனை வருடமாக அந்தச் சேதி என்னிடமே இருக்கிறது. பூனை தேறிவிட்டது, மதினி.