வெள்ளிக்கிழமை பொறுக்கியெடுத்த ப்ரீஆம்ப்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க முடியாது. நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்கிறேன்: என்னைக் கண்டாலே எனக்குக் குமட்டுகிறது.

நேற்று நீ போய் ஒரு வருஷமானதற்கு வீட்டில் ஜெபம் வைத்தோம். சாப்பாடு ஆனதும் மாமா உன் கேசட்டைப் போடச் சொன்னார். உங்கள் இருவரின் மகள் ஜெசிக்கு நான்கு வயது. உன் குரல் அவளுக்கு ஞாபகமில்லை. அம்மா பாடப் போகிறாள் என்றதும் ஸ்பீக்கரை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வந்ததெல்லாம் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல். அதற்கு அடியில் எங்கோ நீ. வந்தவர்களோ, "நல்லாத்தான் கீது" என்று தலையாட்டினார்கள். சீ, அந்தப் பொய் வேறு.

வேலூர் ரேடியோ கடைக்காரர் இரண்டு ப்ரீஆம்ப் கொடுத்து, ஒரு நாள் வீட்டில் போட்டுப் பார்க்கச் சொன்னாரே, நினைவிருக்கிறதா? மைக்கில் வரும் சன்னக் குரலைப் பெரிதாக்கி டேப்ரெக்கார்டருக்கு அனுப்பும் தனிப் பெட்டி. ஒன்று பேட்டரிக் கட்டையில் ஓடும் தகர டப்பா. இன்னொன்று கரண்டில் ஓடுவது. முள் ஆடும், சிவப்பு விளக்கு எரியும், எக்கோ கூட உண்டு.

நீ டப்பாவைத்தான் தொட்டாய். "இதுல என் மூச்சு கூட கேக்குதுடா" என்றாய்.

"டார்ச் லைட்டுக்குப் போடற கட்டையப் போட்டு எவனாவது ரெக்கார்டிங் பண்ணுவானாக்கா?" என்று நான் சிரித்தேன். எக்கோவில் என் குரலையே கேட்டு மயங்கியவன் நான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நம் ஊர்த் தோல் டேனரிக்கு வெள்ளிதான் வார லீவு. வீட்டுக்குப் பின்னால் தோல் பீப்பாய் சுற்றும் மோட்டார்கள் நின்றிருந்தன. கரண்டுப் பெட்டி சுத்தமாகப் பாடியது, அதையே வாங்கினேன். நீ பாட உட்கார்ந்ததோ, கோயிலுக்குப் போய் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில். மோட்டார் அத்தனையும் ஓடும் நாள். அந்த இரைச்சல் கரண்டு ஒயர் வழியாகவே பெட்டிக்குள் வந்தது. அந்த மோட்டார்களோடு தினமும் மாரடிக்கிற எனக்கு, பொறுக்கியெடுக்கும்போது இது ஏன் உறைக்கவில்லை? உறைத்த பிறகும் மாற்றினேனா? கடைக்காரர் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்ற வீம்பு. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது.

இன்னும் கேவலத்தைக் கேள். ஒரு பாட்டுக்கு நடுவில் நீ நிறுத்தி, "டேய், சத்தம் ஜாஸ்தியா கீது, அந்த டப்பாவையே வாங்கினு வாடா" என்கிறாய். காதை ஒட்டினால்தான் கேட்கிறது. உடனே நான் மைக்கைப் பிடுங்கிக் கத்துகிறேன்: "உனக்கு இன்னா தெரியும்!"

அந்தக் கேசட்டில் தெளிவாக விழுந்திருப்பது அது ஒன்றுதான்.

இன்று காலை பால் ஆறவில்லை என்று மாமா சொன்னதற்கு ஜெசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "உனக்கு இன்னா தெரியும்!" என்றாள். மாமா சிரித்துவிட்டார். "அம்மா அப்படித்தான் சொல்லுச்சு" என்றாள் குழந்தை.

அது அம்மா இல்லை, நான்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். தகர டப்பாவையும் வாங்கி வந்துவிட்டேன். உன் பாட்டுகளில் ஒன்றை மாமா அவளுக்குக் கற்றுக்கொடுக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் ஓடும்போதே, அவளைப் பாட வைக்கிறேன். அவள் பாடி முடிக்கும்வரை நான் வாய் திறக்க மாட்டேன், அக்கா.

வாயால் கெட்ட உன் தம்பி,
டேவிட்