சத்தமில்லாத இடமாகப் பார்த்தேன், அப்பா

ஊரையெல்லாம் சங்கு ஊதி எழுப்பிவிட்டு, இப்போது எந்தச் சங்குக்கும் எழுந்திருக்காத என் அன்பு அப்பாவுக்கு,

வீட்டைத் திறந்துவிட்டோம். உங்கள் சாவுக்காக இந்த வீட்டுக்குப் போட்ட ஆறு மாதக் கெடு இன்னும் முடியவில்லை. அதனால் அண்ணன் உள்ளே வர மாட்டேன் என்கிறான். தெருவில் நின்று ஜன்னல் வழியாகப் பேசுகிறான். காப்பி கொடுத்தால் கம்பிக்குள் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறான். கை மட்டும் உள்ளே வரலாம் போலிருக்கிறது. அதை எந்த ஜோசியர் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் இறந்தது அவிட்டத்தில். மில்லில் டைம் கீப்பராக இருந்த உங்களுக்கு நேரம் என்றால் ஷிப்டுக்குச் சங்கு ஊதும் நேரம் மட்டும்தான். நல்லது, கெட்டது என்ற பிரிவுகள் உங்கள் கடிகாரத்தில் கிடையாது. ஆனால் சாவின் நேரத்தை மில் குறிக்கவில்லை, ஜோசியர் குறித்தார். அடைப்பு நட்சத்திரம், ஆறு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போய்விடுங்கள், இல்லையென்றால் போனவர் துணைக்கு ஆள் கூப்பிடுவார் என்றார். யாரை என்று அண்ணன் கேட்டான். ஜோசியர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்து நின்றார்.

"இவியளப் பாத்துக்கிடுங்க. போனவரு பேர் சொல்லிக் கூப்பிட்டாருன்னா இவிய தாங்க மாட்டாவ."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "கூப்பிடட்டுமே. நாப்பது வருசமாக் கூப்பிட்டாக. ஒருநாளாவது போகாம இருந்தேனா?"

ஜோசியர் சொன்னதில் ஒரு பிழை இருந்தது, அதை யாரும் திருத்தவில்லை. நீங்கள் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ஈசிசேரின் கைக்கட்டையில் எவர்சில்வர் டம்ளரால் இரண்டு தட்டு. எங்கிருந்தாலும் அவள் காப்பியோடு வந்து நிற்பாள்.

வெளியே போங்கள் என்று சொன்னவர்கள் எங்கே போக என்று சொல்லவில்லை. அடைப்பு வீட்டு ஆட்களை யார் சேர்ப்பார்கள்? மதினி முழுகாமல் இருக்கிறாள், அதனால் அண்ணனின் குவார்ட்டர்ஸ் கிடையாது. கூமாப்பட்டிச் சித்தப்பா கதவைத் திறக்கும்போதே அறுப்பு நேரம் என்று ஆரம்பித்துவிட்டார். வயல் பச்சையாக இருந்ததை நான் பஸ்ஸில் வரும்போதே பார்த்திருந்தேன். வத்திராயிருப்பு அத்தை மட்டும் மனசாரக் கூப்பிட்டாள். அவள் வீட்டுத் தொழுவத்தில் ஒரு கயிற்றுக் கட்டில் சும்மாதான் கிடக்கிறதாம்.

ஆகவே லாட்ஜ். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால் அங்கேயே தேடினேன். நீங்கள் கடைசி வரை ஆசைப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கிறதா? ரிட்டயர் ஆனதும் சத்தமில்லாத ஒரு மாடி வீட்டு லாட்ஜில் அம்மாவோடு பத்து நாள் இருக்க வேண்டும், சங்கு, தறி, லாரி எதுவும் காதில் விழக்கூடாது என்பீர்கள். நீங்கள் பார்க்கிற மாதிரியே நானும் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த லாட்ஜில் இரவும் பகலும் கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றின் கீழ்த்தளம் கல்யாண மண்டபம், மேளக்காரர்கள் ஒத்திகைக்கே மாடிப்படியில்தான் உட்காருகிறார்கள். இரண்டையும் தள்ளினேன். மூன்றாவதாக ஒரு முட்டுச் சந்தில் ஒரு பழைய மாடி வீடு கிடைத்தது. அறைகளைப் பலகையால் தடுத்து எண் எழுதியிருந்தார்கள். பூஜையறைக் கதவிலும் நாலு என்று எழுதியிருந்தது. வாசலில் போர்டு: அமைதியான சூழல், குடும்பத்தினருக்கு மட்டும்.

போர்டு பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் எங்களைத் தவிர ஒரு குடும்பமும் இல்லை. அதை நான் என் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். படித்தவன் அப்படித்தான் எடுத்துக்கொள்வான்.

லாட்ஜைப் பார்த்துக்கொண்டவர் சாமுவேல் அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர். மற்ற நாட்களில் வெற்றிலை அவர் வாயை அடைத்துவிடும். பின்கட்டில் கிணற்றை ஒட்டி ஓர் அறை பூட்டிக் கிடந்தது. சாமான் அறை என்றார். சாமான் அறையின் வாசலில் எதற்கு அகல் விளக்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அம்மா முதல் வாரத்திலேயே தெளிந்துவிட்டாள். நீங்கள் போனதிலிருந்து தூங்காதவள் தூங்கினாள். சாப்பாடுதான் குறைந்துகொண்டே வந்தது. "வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்குய்யா" என்பாள். அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. வெளியூர் போகிறவர்கள் பெட்டி கட்டி முடித்த பிறகு உட்கார்ந்திருப்பார்களே, அப்படி ஒரு முகம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் எப்போதும் பின்கட்டுப் பக்கம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானமே திரும்பிவிட்டேன். அறையில் அவள் இல்லை. பின்கட்டுக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஒரு காலை வைத்து, கையில் ஆவி பறக்கும் காப்பியோடு உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து தோளைப் பிடித்தேன். காப்பி என் கையில் கொட்டியது.

"ஏலே, மெதுவா. சிந்திட்டேல்ல" என்றாள் கோபமாக.

"இங்க என்னம்மா பண்ணுதே?"

"டம்ளர் தட்டுன சத்தம் கேட்டுது. எங்கயிருந்துன்னுதான் தெரியல. ரூம்ல தேடுனேன், மாடியில தேடுனேன். இங்கதான் கிட்டத்துல கேட்ட மாதிரி இருந்துச்சு."

"அப்படியெல்லாம் ஒன்னும் கேக்கலம்மா."

"ஒனக்கு எப்படிக் கேக்கும்? ஒன்னய அவிய எப்பக் கூப்பிட்டாக?"

அப்பா, இது நியாயமான பதில்.

சாமுவேல் அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அவர் வாய் காலியாக இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சார்வாள், ஒன்னு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீக. மொதலாளியோட தாயாரு இந்த ரூம்லதான் தவறிப் போனாவ. அதுவும் ஏதோ அடைப்பு நட்சத்திரமாம். பூட்டிப் போட்டுட்டுக் குடும்பத்தோட போயிட்டாவ. உள்ளூர்க்காரங்க ஒருத்தரும் இங்க தங்க மாட்டாவ."

"வீட்டையே அடைக்கணும்னுல்ல சொல்வாங்க? வாடகைக்கு விடுதீங்க?"

"லாட்ஜுக்கு அது கிடையாதாம். ஜோசியரே சொல்லிட்டாரு. ஒரு ரூமப் பூட்டுனாப் போதுமாம்."

"நீங்க நம்புதீங்களா அண்ணாச்சி?"

"எங்களுக்கு நட்சத்திரம் ஒன்னுதான் சார்வாள். டிசம்பர்ல வாசல்ல கட்டுவோம், பொறவு கழட்டிப் பரண்ல போட்டுருவோம்." சிரிக்காமல்தான் சொன்னார். கிணற்றின் மேல் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"மொதலாளி குடும்பம் இப்ப எங்க இருக்கு?"

"ஒங்க ஊர்லதான். ராசபாளையத்துல மில்லுக்குப் பின்னாடி வீடு பிடிச்சிருக்காவ. எம்புட்டுச் சத்தமோ அம்புட்டுக்கு நல்லதாம்லா. செத்தவிய கூப்பிட்டாலும் சங்குச் சத்தத்துல காதுல விழாதாம்."

ஜோசியம் நம்புகிற ஒரு குடும்பம் யோசித்து, பிழைப்பதற்காக, நீங்கள் ஊதிய சங்கின் அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. எதையும் நம்பாத நான் அம்மாவைக் கூட்டிவந்து, ஓர் ஊசி விழுந்தாலும் கேட்கிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறேன். அதுவும் இன்னொருத்தியின் சாவுக்குப் பக்கத்து அறையில். எல்லாம் அமைதிக்காக.

அன்றைக்கே வீட்டுக்குக் கிளம்பலாம் என்றேன். அம்மா பாயைவிட்டு எழவில்லை.

"நான் வரல. அங்க ஒன்னும் கேக்காது. இங்கதான் நல்லாக் கேக்குது."

சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தமே இல்லை. பயந்தவன் நான்தான். என்ன சொல்லி எழுப்புவது? உங்களை வைத்துத்தான் எழுப்பினேன்.

"அப்பாவுக்கு இந்த லாட்ஜ் எங்க இருக்குன்னே தெரியாதேம்மா. தேடுனா நம்ம வீட்லதான தேடுவாரு?"

அவள் யோசித்தாள். பிறகு சேலையை மடிக்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் வழி முழுக்க, புதுப்பெண்ணைப் போலத் தலையைச் சரிசெய்துகொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது வீட்டுச் செய்தி. உங்கள் டம்ளரை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். எங்கே என்று உங்களிடம்கூடச் சொல்ல மாட்டேன். ஈசிசேரின் துணியைக் கழற்றிவிட்டேன். காலையில் எழுந்ததும் ரேடியோவைப் போடுகிறேன், விவசாய நிகழ்ச்சி முதல் கிரிக்கெட் வர்ணனை வரை எதையும் நிறுத்துவதில்லை. ஆட்டுக்கல்லைத் தூக்கிவிட்டு கிரைண்டர் வாங்கியிருக்கிறேன், லாரி மலையேறுவது போல இரைகிறது. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே நின்று, "ஏலே, வீடா இது, மில்லா?" என்று கத்துகிறான். கத்தட்டும். அதுவும் கணக்கில் சேர்த்திதான். அம்மா இரண்டு தோசை சாப்பிடுகிறாள்.

ஆனால் நேற்று மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ரேடியோ நின்றது. கிரைண்டர் நின்றது. மில்லும் நின்றது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை அடக்கியது போல் ஆனது. அடுப்படியில் அம்மா தலையை நிமிர்த்தினாள். கையை முந்தானையில் துடைத்தாள். அலமாரியில் இருந்து ஒரு டம்ளரை எடுத்துக் காப்பியை ஊற்றினாள்.

"யாருக்கும்மா?"

"செத்த இருய்யா" என்று வாயில் விரலை வைத்தாள்.

அப்பா, என் நாற்பது மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், எனக்குப் பாட வராது. நேற்றுப் பாடினேன். தகர டிரம்மில் கரண்டியால் அடித்துக்கொண்டு, கரண்ட் வரும்வரை, தெருவில் ஆட்கள் கூடும்வரை பாடினேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டினாள். அந்தக் காப்பியை நான் வாங்கிக் குடித்தேன். அது உங்களுக்கு ஊற்றியது என்று தெரியும். மன்னியுங்கள்.

நீங்கள் ஆயுள் முழுக்கக் கேட்ட அமைதி இப்போது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதில் தனியாக இருப்பது எப்படி இருக்கிறது? துணை இல்லாமல் முடியவில்லையா? எனக்குத் தெரிய வேண்டாம். இவ்வளவு மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: இந்த வீட்டில் இனி ஒரு நிமிடம்கூடச் சத்தம் நிற்காது. அடுத்த முறை கரண்ட் போனால் இந்தக் கடிதத்தையே உரக்க வாசிப்பேன். நீங்கள் எவ்வளவு தட்டினாலும் அவளுக்குக் கேட்க விட மாட்டேன்.

நீங்கள் ஒருநாளும் கூப்பிடாத,
உங்கள் இளைய மகன்